ரெண்டாம் பக்கம், மூணாவது

வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். பாதியில் விட்டுவிட்டேன் என்று போன வாரம் எத்தனை பேருக்குக் கோபம்! இந்த வாரம் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தைச் சொல்கிறேன். பாட ஆளே இல்லாத ஒரு ரெக்கார்டு, ஒரு குடும்பத்தைப் பிடித்து உலுக்கின மத்தியானம்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக் கடை அண்ணனுக்கு வயது ஐம்பத்தைந்து. பகலெல்லாம் மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்ப்பார். வீட்டுக்கு வந்தால் ரெக்கார்டு, ரெக்கார்டு, ரெக்கார்டுதான். அவருடைய தங்கையை எல்லோரும் சின்னவள் என்பார்கள். ஐம்பதைத் தொடப் போகிறாள், இன்னும் சின்னவள்தான். பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்துகொடுக்கும் இடத்தில் அவளுக்கு வேலை. அவள் கணவருக்குச் சிறு வயதிலிருந்தே ‘குச்சி’ என்று பேர். ஆள் ஒல்லி, கையில் எந்நேரமும் டிரம்ஸ் குச்சி. இப்போது பேக்கரி வேன் ஓட்டுகிறார், தொப்பை ஸ்டீயரிங்கை இடிக்கிறது. பேர் மட்டும் இன்னும் பெருக்கவில்லை.

அண்ணனும் குச்சியும் ஒரு காலத்தில் ஒரே பெஞ்சு, ஒரே சைக்கிள். சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். அண்ணன் கிதார், இவர் டிரம்ஸ். இருபத்தோரு வயதில் ஒரு போட்டி மேடையில் அந்த நட்பு உடைந்தது. எட்டு வருடம் கழித்துத் தங்கை அவரையே கட்டிக்கொண்டபோது அண்ணன் கல்யாண வேலை அத்தனையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தார். மாப்பிள்ளையோடு மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. “அவருக்குத் தண்ணி வேணுமான்னு கேளு” என்பார் விசேஷ வீடுகளில் மனைவியிடம். மாப்பிள்ளை இரண்டு அடி தள்ளித்தான் நின்றுகொண்டிருப்பார்.

போன வாரம் சின்னவள் ஒரு பழைய சாமான் கடையில் ஒரு ரெக்கார்டைப் பார்த்து மூச்சு விடாமல் நின்றாள். அட்டையில் கூழாங்கல் கரை, முதுகைக் காட்டி நிற்கும் நாலு பேர். அங்கேதான் விட்டிருந்தோம்.

அதை வாங்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை. வேனில் ரொட்டி வாசனை. பின்னால் காலிக் கூடைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வந்தன. சின்னவள் துணிப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

“மடியில என்ன, ரெக்கார்டா?”

“ம்.”

“உங்கண்ணனுக்கா?”

“பின்னே, உங்களுக்கா?”

“எனக்கு எதுக்கு? எனக்குத்தான் பின்னாடி அறுபது கூடை வாசிக்குதே.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் ஓரக்கண்ணால் பார்த்தார்.

“நல்ல பாட்டா?”

“பாட்டு இல்ல. வெறும் வாசிப்பு.”

ஸ்டீயரிங்மேல் தட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. சிக்னல் பச்சையாகி, பின்னால் வந்தவன் ஹார்ன் அடித்த பிறகுதான் வண்டி நகர்ந்தது.

சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை வாயைத் திறந்தாள். மூன்று தடவையும் மூடிக்கொண்டாள்.

எதைச் சொல்ல வேண்டும் என்கிறீர்களா? அதற்கு நாம் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அண்ணனுக்குப் பதிமூன்று வயதிருக்கும்போது மேல் வீட்டில் ஒரு கப்பல் சமையல்காரர் குடியிருந்தார். வீட்டைக் காலி செய்து போகும்போது “வச்சுக்கோடா” என்று இந்த ரெக்கார்டைக் கொடுத்தார். அண்ணனுடைய முதல் ரெக்கார்டு. நாலு பேர், இரண்டு கிதார், ஒரு பேஸ் கிதார், ஒரு டிரம்ஸ். பாடகர் கிடையாது. அட்டையில் வாசிப்புகளுக்குப் பேர்கூடக் கிடையாது, நம்பர்தான். “பாடுறவன் வர்றதுக்குள்ள வாசிச்சு முடிச்சுட்டாங்க போல” என்று அம்மா கேலி செய்வாள். ஆனாலும் துணி மடிக்கும்போது அவள் தலை தானாக ஆடும்.

அதில் ரெண்டாம் பக்கம் மூணாவது வாசிப்புதான் அந்த வீட்டின் உயிர். மெதுவாகக் கிளம்பும், படிப்படியாக ஏறும், நடுவில் சட்டென்று ஒரு ‘டக்’, உடனே முடிவை நோக்கிப் பாயும். அந்த ‘டக்’ வரும் இடத்தில் அம்மா, அப்பா, பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து கை தட்டுவார்கள். டிரம்ஸ்காரர் குச்சியால் விளிம்பில் தட்டுகிறார் என்று அண்ணன் விளக்கம் சொல்வார். பிற்பாடு குழு வைத்தபோது குச்சிக்கும் அப்படியே சொல்லிக்கொடுத்தார். “இங்க ஒரு டக். ஒண்ணே ஒண்ணு. பளிச்சுன்னு விழணும்.”

போட்டிக்கு முதல் நாள் குச்சி முடிவெட்டப் போன கடையில், ரேடியோவில் அதே வாசிப்பு வந்திருக்கிறது. பாதி முடியோடு ஓடி வந்தார். “டேய், நடுவுல தாளம் இன்னும் எட்டு சுத்து இருக்குடா, நாம வாசிக்கவே இல்ல! டக்கும் கிடையாது!”

“என் ரெக்கார்டைப் பத்தி எனக்கே சொல்றியா?” என்றார் அண்ணன்.

மறுநாள் மேடை. அந்த இடம் வந்தது. குச்சியின் கை காதில் ஒட்டிக்கொண்டிருந்த அந்த எட்டுச் சுற்றுக்குள் தானாகப் போய்விட்டது. அண்ணனின் கிதார் முடிவுக்குப் பாய்ந்தது. ஒருவர் வடக்கே, ஒருவர் தெற்கே. அரங்கம் முழுக்கச் சிரித்தது. “வேணும்னே கவுத்துட்டான்” என்றார் அண்ணன். கிதாரை உறையில் போட்டவர் பிறகு வெளியே எடுக்கவில்லை. அந்த ரெக்கார்டையும் போடவில்லை.

போனில் தேடினால் கிடைக்காதா என்று கேட்பீர்கள். தேடிப் பார்த்தாயிற்று. இரண்டு வருடம் சேர்ந்திருந்து பிரிந்த குழு, ஒரே ரெக்கார்டு. போனுக்கு அவர்களைத் தெரியவில்லை.

“அந்த எட்டு சுத்து இருக்கு” என்று குச்சி மனைவியிடம் சொல்லாத வருடமில்லை. அவளும் “இருக்கும் இருக்கும்” என்பாள். மனதுக்குள், பாவம், அன்றைக்குக் கை தவறினதை மறைக்க ஏதோ சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வாள். இருபத்தாறு வருடமாக அப்படித்தான்.

பழைய சாமான் கடைக்காரர் பிளேயரில் போட்டு, ஹெட்போனைக் காதில் மாட்டிவிட்டபோது, எட்டுச் சுற்றும் வந்தது. ‘டக்’ வரவில்லை.

அப்போதுதான் அவளுக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. எட்டு வயது. அந்த ரெக்கார்டு வந்த புதிது, ரெண்டாம் பக்கத்தை இன்னும் யாரும் போட்டுக் கேட்கவில்லை. வீட்டில் ஆளில்லை. பிளேயர் தட்டு சுற்றுவதைப் பார்த்ததும் ராட்டினம் மாதிரி இருந்தது. தன்னுடைய தகரப் பொம்மையை அதன்மேல் ஏற்றி உட்காரவைத்தாள். பொம்மை இரண்டு சுற்றுதான் சுற்றியது. மூன்றாவதில் கவிழ்ந்து, ஒற்றைக் காலால் ரெக்கார்டில் கோடு இழுத்துக்கொண்டே போனது. அவள் அதைப் பிடுங்கி எடுத்து, பாவாடையால் ரெக்கார்டைத் துடைத்து, உறையில் போட்டு வைத்தாள். ரெண்டாம் பக்கம். மறுநாள் அண்ணன் போட்டபோது கரகரவென்று ஒரு சத்தமும் இல்லை. தப்பித்தோம் என்று மறந்தே போனாள்.

வேன் அண்ணன் வீட்டு வாசலில் நின்றது. மூன்றாவது மாடி. குச்சி வழக்கம்போல செய்தித்தாளைப் பிரித்தார். அவர் மேலே வருவதில்லை.

“எவ்வளவு நேரமானாலும் இருக்கேன். போயிட்டு வா” என்றார்.

அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு படியேறினாள்.

கதவைத் திறந்தவர் அண்ணி. பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு சொல்லும் வேலை. வீட்டிலும் அதே குரல்தான்.

“பயணிகள் கவனத்துக்கு! நாத்தனார் வண்டி நாற்பது நிமிஷம் தாமதம்.”

“அண்ணி, கொஞ்சம் சமையலறைக்கு வாங்க.”

முகத்தைப் பார்த்ததும் அண்ணி குரலை இறக்கினாள். அடுப்பில் காபிக்குத் தண்ணீர் கொதித்து, வற்றி, பாத்திரம் சீறும்வரை சின்னவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

“அட கடவுளே” என்றாள் அண்ணி. “ஒரு பொம்மைக் காலு இத்தனை வேலை பண்ணியிருக்கே.”

“சொன்னா அண்ணன் என்னை வீட்டுக்குள்ள விடுவாரா?”

“உன்னை விடுவாரு. தன்னைத்தான் விடமாட்டாரு. அந்த மனுஷன் சரியா வாசிச்சோம்ங்கிற நினைப்புலயே இத்தனை வருஷத்தை ஓட்டிட்டாரு.” அண்ணி அடுப்பை அணைத்தாள். “ஒண்ணு பண்ணலாம். முதல் பக்கத்தோட நிறுத்திடலாம். எனக்குத் தலைவலின்னு சொல்றேன்.”

“கீழ ஒருத்தர் பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்காரே அண்ணி.”

அண்ணி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். “சரி, போ. நானும் வந்து உட்கார்றேன்” என்றாள்.

ரெக்கார்டு அறையில் ஒரு சுவர் முழுக்க அலமாரி. பாரத்தில் நடுப்பலகை வளைந்திருந்தது. எழுத்து வரிசை கிடையாது, எது எப்போது வந்ததோ அந்த வரிசை. முதல் இடத்தில் கூழாங்கல் கரை. அதன் முதுகு மட்டும் வெயில் பட்டு வெளுத்திருந்தது.

சின்னவள் பையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

அண்ணன் வாங்கவில்லை. முதலில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், திரும்ப மாட்டினார். அப்புறம் வாங்கி, அட்டையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

“எங்கடி பிடிச்ச?”

“கிடைச்சுது.”

“அம்மா இருந்திருக்கணும்.” அவர் சிரித்தார். “இவனுங்க என்னைக்குத்தான்டா திரும்பி நிப்பானுங்கன்னு கேப்பாங்களே!”

அந்த வீட்டில் புது ரெக்கார்டு வந்தால் ஒரு முறை உண்டு. விளக்கைச் சாய்த்துப் பிடித்து இரண்டு பக்கமும் பார்ப்பார். தூரிகையால் துடைப்பார். எல்லோரும் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரை கேட்க வேண்டும். பேசக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது, தும்மல் வந்தால் விழுங்க வேண்டும். கேட்டு முடித்த பிறகுதான் அலமாரியில் இடம்.

ஊசி இறங்கியது.

என்னவென்று சொல்வேன் கண்ணுகளா! முதல் பக்கம் போகப் போக அந்தச் சின்ன அறையில் ஒரு பழைய வீடே வந்து உட்கார்ந்துகொண்டது. துணி மடிக்கும் அம்மா, காலை ஆட்டும் அப்பா, ஜன்னலில் தொங்கின ஈர டவல். கிதார் ஒரு இடத்தில் இழுத்து அழுதபோது அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அவர் இடது கை விரல்கள் முழங்கால்மேல் இல்லாத தந்திகளை அழுத்தின. முப்பத்து நாலு வருடமாக அந்த விரல்கள் எதையும் மறக்கவில்லை.

முதல் பக்கம் முடிந்தது.

“அண்ணா, ஒண்ணு சொல்லணும்…”

“உஷ். திருப்பிட்டு வரேன்.”

ரெண்டாம் பக்கம். முதலாவது. இரண்டாவது. சின்னவள் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அண்ணி அவள் கையைத் தன் மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டாள்.

மூணாவது.

மெதுவாகக் கிளம்பியது. ஏறியது. அண்ணன் முகத்தில் சின்னப் பையன் களை வந்துவிட்டது. ‘டக்’ வரும் இடத்துக்காக இரண்டு கையையும் தூக்கித் தயாராக வைத்தார்.

வரவில்லை.

கிதார் பாயவில்லை. இன்னும் ஒரு படி ஏறியது. அதற்கும் மேலே ஏறியது. டிரம்ஸ் கீழே இறங்கி, அடக்கி, கிதாரைத் தோளில் தூக்கிக்கொண்டு போவதுபோலப் போனது. எட்டுச் சுற்று. அதற்கப்புறம்தான் முடிவு.

அண்ணனின் கைகள் தூக்கினபடியே நின்றன.

பாதியில் ஊசியை எடுப்பது அந்த வீட்டில் பெரிய குற்றம். அவர் எழுந்து எடுத்தார். திரும்ப வைத்தார். திரும்பவும் எட்டுச் சுற்று வந்தது. மூன்றாவது தடவையும் வந்தது.

“இது வேற பதிப்பு போல” என்றார். குரல் அவருடையதாக இல்லை.

“இல்லண்ணா.”

அவர் அலமாரியின் முதல் இடத்திலிருந்து பழையதை உருவினார். கடையில் லென்ஸ் பார்க்கும் உருப்பெருக்கியை ஒரு கண்ணில் இடுக்கி, விளக்கைச் சாய்த்தார். வெகு நேரம் பார்த்தார். லென்ஸில் கீறல் பார்த்தே தலை நரைத்த மனிதர். நாற்பது வருடத்துக்கு மேலாக இந்த ஒரு கீறலை மட்டும் பார்க்கவில்லை.

“சாய்வா போகுது. சறுக்குமரம் மாதிரி. ஊசி இதுல ஏறி வழுக்கி அந்தப் பக்கம் விழுந்திருக்கு. அந்தச் சத்தம்தான்…” அவர் நிறுத்தினார். “ஊசி போட்ட கீறல் இல்ல இது. ஏதோ தகரம்.”

“என் பொம்மை” என்றாள் சின்னவள்.

எல்லாவற்றையும் சொன்னாள். ராட்டினம், கவிழ்ந்தது, பாவாடையால் துடைத்தது. சொல்லி முடித்தபோது அவளுக்கு எட்டு வயதுதான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடிக்காகக் காத்திருக்கிறவள்போல நின்றாள்.

அண்ணன் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“எத்தனை சுத்து சுத்திச்சு?”

“என்னது?”

“பொம்மை.”

“ரெண்டு.”

“ரெண்டுதானா? பாவம்.” அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் உடைந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “அப்ப உனக்கு எட்டு வயசும்மா. போட்டி சமயத்துல எனக்கு இருபத்தொண்ணு. பாதி முடியோட ஓடி வந்து சொன்னான். கழுத்துல துண்டுகூட அவுக்கல. வாடா, ரேடியோக்காரன்கிட்ட கேட்டுடலாம்னான். நான் போகல. போயிருந்தா பஸ்ல அரை மணி நேரம்.”

அண்ணி எழுந்து அவர் பின்னால் போய் நின்றாள்.

“அவனுக்குத் தெரியுமா?” என்றார்.

“இன்னும் சொல்லலண்ணா.”

“வண்டியில சேர்ந்துதானே வந்த?”

“முதல்ல உன்கிட்ட சொல்லணும்னு…”

“தப்பு. அவன்கிட்டதான் முதல்ல சொல்லியிருக்கணும்.” அதட்டலாகச் சொல்லவில்லை. “அவமானம் என்னோடது ஒரு நாள். அவனோடது இத்தனை வருஷம்.”

அவர் புது ரெக்கார்டை உறையில் போட்டார். கடைசி இடத்துக்குப் போகவில்லை. முதல் இடத்தில், பழையதற்குப் பக்கத்தில், இரண்டையும் ஒட்டிச் செருகினார். பலகை முனகியது.

“என்னங்க, வரிசை மாறுது” என்றாள் அண்ணி.

“மாறட்டும்.”

கதவு திறந்தது. படிகளில் அவர் இறங்கும் சத்தம் கேட்டது.

பெண்கள் இருவரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். கீழே வேன். அண்ணன் போய் ஓட்டுநர் பக்கம் நின்றார். செய்தித்தாள் தாழ்ந்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் வாயும் அசைந்ததாகத் தெரியவில்லை. பிறகு அண்ணன் வண்டியைச் சுற்றிக்கொண்டு போய், மறுபக்கக் கதவை இழுத்துத் திறந்து, ஏறி உட்கார்ந்து, சாத்தினார்.

ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் வேன் கிளம்பி, தெருமுனையில் திரும்பி, போயே போய்விட்டது.

“நல்லா இருக்கே!” என்றாள் அண்ணி. “என் செருப்பைப் போட்டுக்கிட்டுப் போயிருக்காரு.”

சின்னவள் சிரிக்கவில்லை. “அண்ணி, பொம்மையைப் பத்தி அண்ணன் சொல்லிடுவாரு. ஆனா, நான் என் வீட்டுக்காரர் பேச்சை நம்பாம இருந்தேனே, இத்தனை வருஷம் ஒரே வீட்ல இருந்துக்கிட்டு. அதை அண்ணன் எப்படிச் சொல்லுவாரு? அது அண்ணனுக்கே தெரியாதே.”

“அப்ப நீ சொல்லு.”

“வந்ததும் சொல்லவா?”

அண்ணி போனை எடுத்து அவள் கையில் வைத்து, அவள் விரல்களை அதன்மேல் மடக்கினாள்.

போன் நாலு தடவை அடித்த பிறகுதான் குச்சி எடுத்தார். கூடைகள் கடகடக்கும் சத்தம்.

“ஏய், என்னடி நடக்குது?” குச்சி குரலைத் தாழ்த்தியிருந்தார். “உங்கண்ணன் வந்து ஏறி உட்கார்ந்தார். வாயைத் திறக்கல. எங்க போகணும்னு கேட்டா நேரா கையைக் காட்டுறார். கண்ணாடியைக் கழட்டுறார், துடைக்கிறார், மாட்டுறார், திரும்பக் கழட்டுறார். எனக்குப் பயமா இருக்கு.”

“இன்னும் எதுவும் சொல்லலையா?”

“ஒரு எழுத்து வரல.”

சின்னவள் சுவரில் சாய்ந்தாள். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக, என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

“வண்டியை ஓரமா நிறுத்துங்க” என்றாள்.

“என்ன?”

“நிறுத்துங்க. போனை ஸ்பீக்கர்ல போடுங்க, அண்ணனும் கேக்கட்டும். ரெண்டு விஷயம் சொல்லணும். ஒண்ணு எட்டு வயசுல பண்ணது. இன்னொண்ணு உங்களைக் கட்டிக்கிட்டதுல இருந்து பண்ணிக்கிட்டு இருக்கிறது.”

கூடைகள் ஒன்றோடொன்று இடித்து அடங்கின. என்ஜின் நின்றது. அந்தப் பக்கம் இரண்டு ஆண்கள் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

“நிறுத்திட்டேன்” என்றார் குச்சி. “சொல்லு.”

கண்ணுகளா, இருட்டப் போகிறது, எழுந்து வீட்டுக்குப் போங்கள். கோபித்துக்கொண்டு உங்கள் வீட்டுப் படி இறங்கினவர்கள் மறுபடி ஏறி வரட்டும். அவர்கள் உட்கார ஒரு நாற்காலி எப்போதும் காலியாக இருக்கட்டும். சொல்லத் துணிந்தவர்களின் நாக்கில் ஈரம் இருக்கட்டும், கேட்கிறவர்களின் காதில் பொறுமை இருக்கட்டும். உங்கள் வீடும் வாசலும், பெற்றதும் வளர்த்ததும் நன்றாக இருக்கட்டும்.